மயில் கழுத்து நீலம்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஒரு உளியையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். சம்பந்தி வீட்டுச் சுவரில் இருக்கும் மயிலைப் பெயர்த்து எடுத்து வருவதாகத் திட்டம்.

பக்கத்து சீட் அம்மாள் பையில் முழங்காலை இடித்துக்கொண்டு, "உள்ள என்னம்மா, கல்லா?" என்றார். "உளி" என்றேன். அதற்கப்புறம் கருங்குளம் வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி எதற்காக உளியோடு சம்பந்தி வீட்டுக்குப் போகிறாள்? சொல்கிறேன். விஷயம் அவ்வளவு கௌரவமானது இல்லை. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கை கழுவிவிட்டு வந்துவிடுங்கள்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையைத் தெரியும். என் மகள் கோமதி அதை 'ஸ்டுடியோ' என்பாள். என் வீட்டுக்காரர் 'சம்பவ இடம்' என்பார்.

முதலில் அங்கே மெழுகுவர்த்தி செய்தேன். சித்திரை வெயிலில் பன்னிரண்டு மெழுகுவர்த்திகளும் பிரின்சிபால் அறைக்கு வெளியே நிற்கிற பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டன. பிறகு கயிறு முடிந்து பூந்தொட்டி தொங்கவிட்டேன். தொட்டி விழுந்தது. விழுந்த தொட்டியின் துண்டுகளைப் பொறுக்கும்போதுதான் மொசைக் ஞாபகம் வந்தது. உடைந்த ஓட்டுத் துண்டையும் டைலையும் குறட்டால் நறுக்கி, சிமெண்ட் பலகையில் படமாக ஒட்டி, இடைவெளியில் ஒயிட் சிமெண்ட் பூசுகிற வேலை. எனக்குப் பொருத்தமான கலை அதுதான். ஏற்கெனவே எல்லாம் உடைந்திருக்கும். மேற்கொண்டு நான் கெடுக்க ஒன்றுமில்லை.

மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன என் வீட்டுக்காரர், அன்றிலிருந்து தன் காபி கோப்பையைப் பீரோவில் வேட்டிகளுக்கு நடுவே வைத்துக்கொள்கிறார். நான் அதைத் தொட்டதுகூட இல்லை. ஒரு தடவை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன் — அவ்வளவுதான்.

சரி, மயில்.

கோமதியைக் கட்டிக்கொடுத்திருப்பது திருச்செந்தூர் போகிற வழியில், ஆழ்வார்திருநகரியில். அவள் மாமியார் செண்பகம் டீச்சர், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் நடத்தியவர். தங்கமான மனுஷி. ஒரே ஒரு விஷயம்... சுத்தம். கடையிலிருந்து வரும் பால் பாக்கெட்டைக் கழுவுவார். பருப்பு பாக்கெட்டைக் கழுவுவார். குழாயைத் திறக்கும் முன் குழாயைக் கழுவுவார் — அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்த வீட்டில் இதுவரை இரண்டு டிவி ரிமோட்டுகள் குளித்துச் செத்திருக்கின்றன.

அவர்கள் புது வீடு கட்டினார்கள். ஒரு நாள் டீச்சர் போன் செய்தார்.

"மதினி, பூஜை ரூமுக்கு எதுத்த சுவரு சும்மா கெடக்கு. நீங்க ஒரு மயிலு பண்ணித் தாங்க. சாமி கும்பிட்டுட்டுத் திரும்புனா மயிலு முகத்துல முழிக்கணும்."

சம்பந்தியம்மாள் கேட்டு ஒரு பொருள் செய்கிறோம். சாதாரண விஷயமா? மூன்றடி உயரத்துக்குப் படம் வரைந்தேன். தோகைக்குப் பச்சை கிடைத்தது. காலுக்குச் சாம்பல் கிடைத்தது. கண்ணுக்கு ஒரு உடைந்த ஊறுகாய் ஜாடி உதவியது.

கழுத்து நீலம் மட்டும் கிடைக்கவில்லை.

டைல் கடைகளில் இருக்கிற நீலமெல்லாம் ஒன்று ஸ்கூல் யூனிஃபார்ம் நீலம், இல்லாவிட்டால் சொட்டு நீலம். மயில் கழுத்து நீலம் என்பது வேறு. அதில் கொஞ்சம் பச்சை உண்டு, கொஞ்சம் திமிர் உண்டு. கழுத்து இடத்தில் வெறும் பென்சில் கோட்டோடு அந்த மயில் இரண்டு மாதம் நின்றது. கிரகப்பிரவேசத் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் பேட்டை காதர் பாய் கடைக்குப் போனேன். டைல்ஸ், குழாய், பாத்ரூம் சாமான் எல்லாம் விற்கிறவர். உடைந்த டைல்களை எனக்கென்று ஒரு சாக்கில் போட்டு வைக்கிற புண்ணியவான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"எக்கா, நீங்க கேக்க நீலம் எங்கிட்ட ஒண்ணு கெடக்கு. ஆனா பாத்துட்டு ஏசப்பிடாது."

கடையின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு சாக்கை விலக்கினார். நான் அப்படியே நின்றுவிட்டேன். அதே நீலம். பச்சை இருந்தது, திமிரும் இருந்தது. முருகனின் மயிலே இதைப் பார்த்தால் பொறாமைப்படும்.

வெஸ்டர்ன் க்ளாசெட்.

"கத்தார்ல இருந்து வந்த ஒருத்தர் பாத்ரூம் பூரா இந்தக் கலருதான் வேணும்னு சொல்லி வரவழைச்சது. லாரியில வரும்போதே விளிம்பு உடைஞ்சிட்டு. அவரு வேண்டாம்னுட்டாரு. அல்லா அறியச் சொல்லுதேன்க்கா, யாரும் உக்காராதது."

வீட்டுக்குக் கொண்டுவந்து மாடிக்கு ஏற்றும்போது எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "மேல வாடகைக்கு விடப் போறியளா?" என்றாள். மறுநாள் நான் அதைச் சாக்கில் சுற்றி சுத்தியலால் அடிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது. சாயங்காலம் மறுபடி வந்தாள். "என்னக்கா, பிடிக்கலையா?"

என் வீட்டுக்காரர் துண்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதையா சம்மந்தி வீட்டு பூஜை ரூமுக்கு எதுத்தாப்ல ஒட்டப் போற?"

"புதுசுங்க. யாரும் உக்காராதது."

"பொருளு புதுசுதான். பேரு பழசுல்லா."

அன்றைக்கே டீச்சருக்கு ஒரு போன் போட்டு, "மதினி, இப்படி இப்படி..." என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன்? அவர் வேண்டாம் என்றுவிட்டால் அந்த நீலத்தை விட்டுவிட வேண்டுமே. எனக்கு மனசில்லை. தப்பு முழுக்க என்னுடையதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் துண்டுகள் டைல் மாதிரித் தட்டையாக இல்லை. வளைந்த பொருளை உடைத்தால் வளைந்த துண்டுதானே வரும்? ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தது. அதனால் வெளிச்சம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி பட்டது. நாம் நடந்தால் மயிலின் கழுத்து கூடவே திரும்புகிற மாதிரி இருந்தது. என் கையால் அப்படி ஒன்று அதுவரை வந்ததில்லை. நான் என்ன பெரிய ஆள்... அந்த க்ளாசெட்டின் வளைவு அப்படி.

கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்களெல்லாம் மயிலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். செண்பகம் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கழுத்தைப் பாருங்க மதினி, உசுரோட இருக்கு" என்று மயிலின் கழுத்தை விரலால் தொட்டு, அந்த விரலை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

பக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது.

விருந்தாளிகளெல்லாம் போன பிறகு வீட்டு ஆட்கள் மட்டும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். நான், என் வீட்டுக்காரர், கோமதி, மாப்பிள்ளை. டீச்சரே பரிமாறினார்.

"அண்ணாச்சி, அந்த நீலம் எங்கன கெடச்சுதுன்னு மதினி சொல்லவே மாட்டேங்காங்க. நீங்களாவது சொல்லுங்க."

என் வீட்டுக்காரருக்கு அது இரண்டாவது பாயசம். பாயசம் உள்ளே போனால் அவருக்கு உண்மை வெளியே வரும்.

"அது பேட்டையில மதினி. ஒரு க்ளாசெட்டு உடைஞ்சு கெடந்துச்சு. அதை இவ..."

நிறுத்தினார். எப்போது நிறுத்துகிறார் பாருங்கள்.

"புதுசுதான் மதினி. யாரும் உக்காராதது."

பாயசக் கரண்டி அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளை வாயில் வைத்த அப்பளத்தைக் கடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். டீச்சர் கரண்டியை வாளியில் பைய வைத்தார். போய்க் கை கழுவினார். பிறகு கண்ணைக் கழுவினார். கண்ணை மட்டும் மூன்று தடவை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரை முறைத்தேன். "என்னைப் பொய் சொல்லச் சொல்லுதியா?" என்றார் வீட்டுக்காரர். "பாயசம் குடிக்கத்தான் சொன்னேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரும் டீச்சரின் போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. கோமதிதான் பேசினாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அம்மா, அத்தை மயிலு மேல பெட்ஷீட்டைத் தொங்க விட்டுட்டாங்க."

"உன்னை ஏசுதாங்களா?"

"இல்லம்மா. நல்லாத்தான் பேசுதாங்க. ஆனா உன் பேச்சை எடுத்தா மட்டும் துணி துவைக்கப் போயிருதாங்க. நேத்து துவைச்ச துணியையே இன்னைக்கும் துவைச்சாச்சு."

நான் யோசித்துப் பார்த்தேன். நாம் சோறு தின்கிற பீங்கான் தட்டும், காபி குடிக்கிற கோப்பையும், அந்த க்ளாசெட்டும் ஒரே குடும்பம். எல்லாம் களிமண்தான், எல்லாம் சூளைக்குப் போய் வந்ததுதான். ஒருத்தன் டைனிங் டேபிளில் உட்கார்ந்துவிட்டான், இன்னொருத்தனுக்கு அந்த வேலை அமைந்தது. இவனோ வேலைக்கே சேரவில்லை. அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் வந்ததோடு சரி. அப்படியும் இவன் தொட்டால் தீட்டு என்கிறோம். அழுக்கு பொருளிலா இருக்கிறது? பெயரில் இருக்கிறது. பெயரை எந்த சோப்பால் கழுவுவது?

இப்படியெல்லாம் வக்கணையாக யோசிக்கலாம். ஆனால் அந்த வீட்டில் வாழ்கிறவள் என் மகள். ஒரு மயிலுக்காக அவள் நாள் முழுக்கக் குரலைத் தாழ்த்திக்கொண்டு திரிய வேண்டுமா? மூன்றாவது ஞாயிறும் போன் வராமல் போனதும் முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை உளியை எடுத்தேன்.

நான் போனபோது கோமதியும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். டீச்சர் மட்டும் இருந்தார். "வாங்க" என்றார். 'மதினி' இல்லை. வெறும் 'வாங்க'.

நான் உட்காரவில்லை. "தப்பு என்னுது மதினி. மொதல்லயே சொல்லியிருக்கணும். நீங்க அடுப்படியில இருங்க, அரை மணி நேரத்துல பேத்து எடுத்துட்டுப் போயிருதேன்" என்று பையைத் திறந்து உளியைக் காட்டினேன்.

டீச்சர் உளியைப் பார்த்தார். சட்டென்று என் கையிலிருந்து அதை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"வச்ச சாமானை யாராவது பேப்பாங்களா?"

அப்போதுதான் கவனித்தேன். சுவரில் பெட்ஷீட் இல்லை.

"கோவந்தான்" என்றார் டீச்சர். "இல்லைன்னு சொல்ல மாட்டேன். கண்ணுல ஒத்திக்கிட்டேன்லா, அந்தக் கோவம். சொல்லாம ஏமாத்திட்டியளேன்னு ரெண்டு வாரம் மனசு ஆறல. போன புதன்கிழமை பெட்ஷீட்டைத் துவைக்க எடுத்தேன். காலை வெயிலு ஜன்னல் வழியா நேரா இதுமேல விழுந்துட்டு. கழுத்து திரும்புது மதினி. நான் இங்கன நடந்தா இங்கன பாக்கு, அங்கன போனா அங்கன பாக்கு. அடுப்புல பாலு பொங்கி ஊத்துனதுகூடத் தெரியாம நின்னுட்டு இருந்தேன். நானே சொல்லிக்கிடுதேன்னு கோமதியையும் சொல்ல விடல, ஆனா ஞாயித்துக்கிழமை போனை எடுத்தா எப்படி ஆரம்பிக்கன்னு தெரியல."

'மதினி' திரும்பி வந்துவிட்டது.

"களிமண்ணு. ஆயிரம் டிகிரிக்கு மேல சூளையில வெந்தது. அதுல ஒரு கிருமி இருக்குமா? முப்பது வருஷம் பிள்ளையளுக்கு இதைப் போர்டுல எழுதிப் போட்டவ நான். எனக்கே உறைக்கலியே."

"அப்ப பரவாயில்லையா மதினி?"

"பரவாயில்லை. இருந்தாலும் மூணு நாளு மஞ்சத்தண்ணி தெளிச்சேன். சயின்ஸு ஒரு பக்கம் இருக்கட்டும்."

காபி வந்தது. டீச்சர் உளியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கழுவி, துடைத்து, தன் ஷெல்ஃபில் வைத்துவிட்டார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலை இறக்கினார்.

"ஒரு சங்கதி. தெருவுல எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க. என்ன கல்லு, என்ன கல்லுன்னு கேட்டுத் துளைக்காங்க. நான் இத்தாலிக் கல்லுன்னு சொல்லிட்டேன்."

"மதினி..."

"வேற என்னத்தச் சொல்ல? பேட்டைக் கல்லுன்னா சொல்ல முடியும்? நீங்களும் அப்படியே சொல்லிருங்க. முக்கியமா அண்ணாச்சிக்கு இங்கன வச்சுப் பாயசம் குடுக்காண்டாம்."

பேசி முடிக்கவில்லை, வாசலில் செருப்புச் சத்தம். அடுத்த தெருப் பெண்கள் இரண்டு பேர் மயிலைப் பார்க்க வந்துவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் ரசித்தார்கள். அதில் ஒருத்தி மயிலின் கழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டீச்சர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்கதான் பண்ணது. என் சம்மந்தி" என்றார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "இந்தக் கல்லுக்காக இத்தாலிக்கு நீங்களே நேர்ல போனியளோ?"

டீச்சரின் முழங்கை என் விலாவில் லேசாக இடித்தது.

"ஆமா" என்றேன். "அங்கன குளிருதான் தாங்கல."

எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.