ஆடி மாதத்தில் சாயம் பூசிய கொம்பு

என் செவலைப் பசுவைக் கொட்டகையிலிருந்து ஓட்டிப் போன பாவி நாசமாய்ப் போகட்டும் என்று மண்ணை வாரித் தூற்றினேன். தூற்றாமல் என்ன செய்வது? அப்பாவும் போய், முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் தனியாக நின்ற எனக்கு அந்தப் பால்தான் சோறு. தொண்ணூறுகளின் நடுவில், திருவாமாத்தூர் பக்கம், ஓர் ஆடி மாதம்.

விசாரிக்க ஏட்டய்யா சைக்கிளில் வந்தார். தொப்பை இல்லாத போலீஸ்காரரை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"கொம்புக்கு இன்னா கலர்மா அடிச்சிருந்தீங்க?"

"கலரே இல்லீங்க. அப்பா மார்கழியில தவறிட்டாரு. துக்க வீடு, பொங்கல் வைக்கல. ஊர்லயே வெறுங்கொம்பு மாடு எங்களுதுதான்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்கள்கூட நிலத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

மறுநாளும் வந்தார். அடுத்த நாளும். விசாரணை கொஞ்சம்தான், மீதி நேரம் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டு பேசிக்கொண்டிருப்பார். தங்கைகளைக் கரையேற்றியதில் தனக்கும் கல்யாணம் தள்ளிப்போய்விட்டது என்று ஒருநாள் சொன்னார்.

எதிர்வீட்டு அக்கா, "மாட்டத் தேடறாரா, வேற எதுனா தேடறாரா?" என்று கிண்டல் செய்தாள்.

"வாய மூடுக்கா" என்றேன். உள்ளுக்குள் இனித்தது. பசு கிடைக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிவிட்டு, 'ஜல்தியா வேணாம் தாயே' என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அம்மன் பாதியைத்தான் கேட்டாள். அந்த வாரமே ஏட்டய்யா திண்டிவனத்துச் சந்தையில் பசுவைப் பிடித்துவிட்டார். வெறுங்கொம்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து திருடன் பச்சைச் சாயம் பூசியிருந்தான். பொங்கலுக்கு அடித்த சாயம் மற்ற மாடுகளில் வெளுத்துக் கிடக்க, இது மட்டும் பளபளத்ததாம்.

"ஆடி மாசத்துல எவனாவது கொம்புக்குப் பெயிண்ட் அடிப்பானாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கயிற்றை என் கையில் கொடுத்தார்.

பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். கிடைத்ததற்கு மட்டும் அழவில்லை.

"கேஸ் முடிஞ்சிபோச்சும்மா. இனிமே கொட்டகைக்குப் பூட்டு போட்டு வைங்க" என்று சைக்கிளை எடுத்தார். கொஞ்சம் உட்காருங்க என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதற்குப் பிறகு தெருவில் போனால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். வேலை இல்லாமல் ஒரு பெண்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கிற மனுஷன் இல்லை அவர்.

பூட்டு வாங்கினேன். போடவில்லை. ஐப்பசி மழை பிடிக்கிற வரைக்கும் கொட்டகைக் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டுத்தான் படுத்தேன். பாழாய்ப்போன ஊர், ஒரு திருடன்கூட எட்டிப் பார்க்கவில்லை.