முசாஜி உறுமிய வெள்ளிக்கிழமை

லுகெண்டா ஆற்றின் தென்கரையில் பிறந்த முசாஜி, யாவோ மக்களின் வழக்கப்படி மனைவி அத்திஜாவின் ஊருக்கு வாழ வந்தான். கோடரியோடு தந்தை கற்பித்த சீழ்க்கையும் உடன் வந்தது. பிறந்த ஊரில் அச்சீழ்க்கை எழுந்ததும் தேன்காட்டிப் பறவை இறங்கிவந்து, தேன்கூடுள்ள மரம்வரை முன்னே பறக்கும். மனிதன் புகையிட்டுத் தேன் கொள்வான், மெழுகைப் பச்சிலையில் பறவைக்குப் படைப்பான். அவ்வுறவின் தொடக்கத்தை இறைவனே அறிவான்.

மனைவியின் ஊர்ப் பறவைகளோ வேறோர் அழைப்புக்குப் பழகியவை. நாவை உருட்டி, இறுதியில் ஓர் உறுமல்: "ப்ர்ர்ர்... ஹ்ம்!" முசாஜிக்கு அது வயிற்றுவலிக்காரனின் முனகலாகவே பட்டது. நான்கு மாதம் சீழ்க்கையடித்தான். ஒரு சிறகும் அசையவில்லை.

அத்திஜாவின் அண்ணன் அமாடே பொறுமையிழந்தான்.

"மாப்ள, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு குடுக்கை தேன் வரலைன்னா, ஆத்தைக் கடந்து உங்க ஊருக்கே போயிடு. தங்கச்சி இங்கேயே இருப்பா."

"உங்க ஊருப் பறவைக்கு மரியாதை தெரியல மச்சான்."

"அதுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. உங்கப்பன் ஊருப் பேச்சுதான் புரியல."

பறவைக்கே பாடம் நடத்தத் துணிந்தான் முசாஜி. அண்டை வீடுகளில் மெழுகு இரந்து, பாறையில் வைத்து, ஒரு பறவை உண்ணுந்தோறும் சீழ்க்கையடித்தான். பறவை உண்டது, பருத்தது, கற்கவில்லை. மூன்றாம் நாள் அவனுக்கு முன்னரே வந்தமர்ந்து, தாமதத்துக்காகக் கடிந்து கத்தியது. அவனும் ஓடோடி மெழுகு வைத்தான்.

"நீங்க அதைப் பழக்கலைங்க. அதுதான் உங்களைப் பழக்கியிருக்கு" என்றாள் அத்திஜா.

வெள்ளியன்று அமாடேயும் உறவினரும் வெறுங்குடுக்கையோடு காட்டில் அமர்ந்தனர். முசாஜி உதடு வெடிக்கச் சீழ்க்கையடித்தான். பருத்த பறவை கிளையிலிருந்து பாறையையே நோக்கியிருந்தது.

அத்திஜாவின் கண் கலங்கியது. "ஒரே ஒரு தடவை உறுமித் தொலைங்களேன்! நீங்க போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது?"

முசாஜி தென்கரை நோக்கி மனத்துள் மன்னிப்புக் கேட்டான். துணியால் முகத்தை மூடிக்கொண்டான்.

"ப்ர்ர்ர்... ஹ்ம்ம்ம்ம்!"

பறவை கீச்சிட்டுக் கிளம்பியது. அது உண்ட மெழுகின் பாரத்தால் மரத்துக்கு மரம் இளைப்பாற, ஒரு குடும்பமே அண்ணாந்தபடி பின்னால் ஓடியது. பொந்துமரத்தில் குடுக்கை நிறைந்தது. அமாடேயின் மேலுதட்டைத் தேனீக்கள் முருங்கைக்காய்ப் பருமனுக்கு வீங்கவைத்தன.

அவ்வுதட்டை ஏந்திக்கொண்டே அவன் தீர்ப்புரைத்தான்:

"அந்த ஹ்ம்மை ரொம்ப இழுக்குற மாப்ள. வெட்டிச் சொல்லணும். போகப்போகப் பழகிடும்... இங்கேயே இரு."