உதட்டில் கவ்விய பட்டன்

அந்தத் தையல்காரிக்கு வாய்தான் மூன்றாவது கை. சட்டைக்குப் பட்டன் தைக்கும்போது அடுத்த பட்டனை உதட்டில் கவ்விக்கொண்டே ஊர்க்கதை முழுவதும் பேசுவாள். "வாயில வைக்காதேன்னா கேக்கிறியா?" என்று கணவன் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இருமலில் ரத்தம் வந்தபோது காசநோயாக இருக்கலாம் என்றார்கள். சளியில் கிருமி அகப்படவில்லை. ஆனால் எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடியில் ஒரு நிழல் தெரிந்தது. காசநோய்க்கே மருந்து கொடுத்தார்கள். மாத்திரையை ஒருவேளைகூட விடாமல் விழுங்கினாள். மகளுக்குத் தொற்றிவிடக் கூடாதே என்று அவளை அப்பாவோடு படுக்க வைத்தாள். மூன்று வயதுக் குழந்தை வாசற்படியில் நின்று "அம்மா, தூக்கு" என்று அழும். அழுகை காதில் விழாமலிருக்க இவள் மிஷினை வேகமாக மிதிப்பாள். நோயைவிட அதுதான் அவளைத் தின்றது.

ஒருநாள் காலை வாஷ்பேசின் முழுக்க ரத்தம். ஆஸ்பத்திரியில் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, நுரையீரலில் கசிந்த ரத்தநாளத்தை அடைத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் ஏன் கசிந்தது என்று யாருக்கும் பிடிபடவில்லை. டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார்.

"ஏதாவது புரையேறி உள்ள போயிருக்கா?"

"அப்படி ஒண்ணுமில்லைங்க."

அவள் பொய் சொல்லவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த கணவனின் சட்டையில் இரண்டு பட்டன்கள் தொங்கின. தையல்காரியின் கை சும்மா இருக்குமா? பையிலிருந்து ஊசிநூலை எடுத்துவிட்டாள். உள்ளே வந்த டாக்டரம்மா கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"வாயில என்னம்மா?"

"பட்டன், டாக்டர்."

"எப்பவாவது காணாமப் போச்சா?"

கணவன் முந்திக்கொண்டான். "போன வருஷம் என் நீலச் சட்டை பட்டன் போச்சு டாக்டர்! நான் ஏதோ கேலி பண்ணினேன், சிரிச்சா, ஒரே இருமல். அப்புறம் பட்டனைக் காணோம். நான்தான் கூட்டிக் குப்பையில தள்ளிட்டேன்னு இன்னைக்கும் திட்டுறா."

பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாதாம். மயக்கம் கொடுத்து, தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். மூச்சுக்குழாயில் சதை மூடிக் கிடந்தது நீலப் பட்டன். காசநோயும் இல்லை, புற்றுநோயும் இல்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

வீடு திரும்பியபோது மகள் ஓடி வரவில்லை. பழகிய இடத்தில், வாசற்படியிலேயே நின்றாள்.

"இப்ப கிட்ட வரலாமா?"

தையல்காரி உடைந்து அழுதாள். ஓடிப்போய் அவளை வாரி எடுத்தாள்.

கணவன் விடுவானா? "அப்போ பட்டனைத் தொலைச்சது நான் இல்லைல்ல?"

பதில் சொல்ல அவள் வாய் காலியாக இல்லை. அது மகளின் கன்னத்தில் இருந்தது.