காதல் பாட்டில் படித்த ஜெர்மன்

என் வீட்டுக்காரர் ஜெர்மனிக்கு வெல்டர் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நகரி வீட்டில் நானும் மாமியாரும்தான். நான் அவரிடம் போய்ச் சேர வேண்டுமென்றால் ஜெர்மன் பரீட்சை ஒன்று பாஸாக வேண்டும். முதல் தடவை ஃபெயில். ரயிலேறித் திருப்பதி வகுப்புக்குப் போய்ப் படித்த வார்த்தைகள், திரும்பி வரும்போது ரேணிகுண்டா தாண்டுவதற்குள் மறந்துவிடும். என்மேலேயே எனக்கு எரிச்சல்.

"பாட்டலு வினும்மா, தானா வந்துடும்," என்றார் வகுப்பு டீச்சர், பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக.

ஜெர்மன் பாட்டாகத் தேடிக் கேட்டேன். மாட்டியதெல்லாம் காதல் பாட்டு. எங்கள் தெருவில் பவர்லூம் தறிகள் ஓடுகிற சத்தத்தில் எவருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் நானும் கூடவே கத்திப் பாடினேன். ஒரே மாதத்தில் இதயம், கண்ணீர், மூச்சு, ஏக்கம் எல்லாம் ஜெர்மனில் தண்ணீர்பட்ட பாடு. வெங்காயத்துக்கும் பஸ் டிக்கெட்டுக்கும்தான் வார்த்தை தெரியாது. எந்தக் காதலன் வெங்காயத்தைப் பற்றிப் பாடுகிறான்?

பரீட்சை சென்னையில். பேச்சுத் தேர்வில் எனக்கு ஜோடியாக உட்கார்ந்தவர் காளஹஸ்திக்காரர், முறுக்கு மீசை. சீட்டை எடுத்து, "காலையில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டார். இட்லி என்றிருந்தால் முடிந்தது. பதற்றத்தில் பாட்டுதான் வாயில் வந்தது. "நீ இல்லாமல் என்னால் சாப்பிட முடியாது" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். ஐயோ, மனுஷன் வெட்கத்தில் நெளிந்துவிட்டார். தேர்வு நடத்திய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சு என்றுதான் நினைத்தேன்.

ரிசல்ட் வந்தது. பாஸ்! அன்று சாயங்காலம் வீடியோ காலில் வீட்டுக்காரரிடம் இந்தக் கூத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம், "எவனோ மீசைக்காரன்கிட்ட சொல்லிட்டு வந்துகிறே. என்கிட்ட ஒருநாளாச்சும் சொல்லிகிறியா?" என்றார்.

சொன்னதில்லைதான். எங்கள் பக்கம் புருஷனிடம் யார் அப்படிப் பேசுவார்கள்? "துன்னீங்களா?" என்று கேட்டால் அதிலேயே எல்லாம் வந்துவிடும். பக்கத்தில் மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இருந்தால் இருக்கட்டும் என்று தமிழிலேயே சொன்னேன்.

"நீங்க இல்லாம எனக்குச் சோறே எறங்கல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமியார் பூண்டிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: "எனுக்கும் எறங்கலன்னு சொல்லும்மா. நீயும் போய்ட்டா சுத்தமா எறங்காது."