பதினொரு பார்களின் சாவி

நகரத்தில் எந்த பாருக்குப் போகலாம் என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். குழாயக்கா ஒருத்திதான் சரியாகச் சொல்வாள். இத்தனைக்கும் அவள் நாக்கில் ஒரு சொட்டுக்கூடப் பட்டதில்லை. விளக்கு எரிந்து, பாட்டு முழங்கி, ஆள் நிறைந்திருக்கும் ஒரு பாரைக் கண்ணால் கண்டதும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் காலை ஒன்பது மணி பார்கள்தான். மேஜை மேல் கவிழ்த்த நாற்காலிகள், ஈரம் காயாத தரை, முதல் நாள் புகையின் வாடை.

பீர்க் குழாய் கழுவுவது அவள் வேலை. பாரின் பின்பக்கம் குளிர் அறையில் பீப்பாய்கள் நிற்கும். அங்கிருந்து கவுன்டரில் இருக்கும் பிடி வரை சுவருக்குள்ளேயே குழாய் ஓடும். வாரம் ஒரு தடவை கழுவாவிட்டால் உள்ளே வழவழவென்று படிந்து, எப்பேர்ப்பட்ட பீரும் புளித்துப் போகும். அவள் பீப்பாயைக் கழற்றிவிட்டு, ஊதா நிற மருந்தைக் குழாயில் ஏற்றி, அரை மணி நேரம் ஊறவிடுவாள். அழுக்கு இருந்தால் ஊதா பச்சையாகிவிடும். பிறகு நல்ல தண்ணீர் விட்டு, மருந்து பட்டால் நிறம் மாறும் ஒரு காகிதத் துண்டை நனைத்துப் பார்த்து, மருந்து துளியும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பீப்பாயை மாட்டுவாள்.

பார் திறப்பதற்கு முன்பே இதெல்லாம் முடிய வேண்டும். அதனால் சொந்த மச்சானையே நம்பாத பார்க்காரர்கள்கூட அவளிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தார்கள். பதினொரு பார், பதினொரு சாவி. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற நூல் கட்டியிருப்பாள். அதே வளையத்தில் பன்னிரண்டாவதாக ஒரு சாவி, நூல் கட்டாமல். அது தம்பி வீட்டுச் சாவி.

"டாக்டர் வந்தாச்சு, எல்லாரும் நாக்க நீட்டுங்கப்பா" என்பார் மாடிப்படி பாரின் கவுன்டர்காரர், அவள் வாளியோடு உள்ளே நுழையும்போதெல்லாம்.

"மொதல்ல உங்க நாக்கக் கழுவணும். அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல" என்பாள் அவள்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் அவள் நீள நோட்டைப் பார்த்தால் அப்படித் தெரியாது. கோடு தாண்டாத எழுத்து. தேதி, பார், எத்தனை குழாய், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், தண்ணீர் விட்டது எத்தனை தடவை எல்லாம் முன்பக்கத்திலிருந்து வரும். நோட்டைத் தலைகீழாகத் திருப்பினால் கடைசிப் பக்கத்திலிருந்து இன்னொரு கணக்கு. எந்த பாரில் ஐஸ் பெட்டியில் கரப்பான், எந்த பாரில் மிச்ச பீரைத் திரும்பப் பீப்பாயில் ஊற்றப் பார்த்தார்கள், எங்கே குளிர் அறைக் கதவு மூடுவதில்லை. அதை முதலாளியின் காதோடு சொல்லுவாள். சரிசெய்தால் பக்கத்தில் ஒரு டிக். மூன்றாம் மனிதருக்குத் தெரியாது. குளிர் அறையில் பார்த்தது குளிர் அறையோடு. அதை நம்பித்தான் அந்தச் சாவிகள்.

தம்பி அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது. தலை வாரிவிட்டது, பாடம் ஒப்பிக்க வைத்தது, கல்லூரிக்கு அனுப்பியது எல்லாம் அவள்தான். இன்று அவன் பத்திரிகையில் நிருபர். அவன் பெயர் போட்டு வந்த ஒவ்வொரு துண்டையும் அவள் ஓரம் பிசகாமல் கத்தரித்து ஒட்டி வைத்திருந்தாள். வெள்ளச் செய்தியும் உண்டு, தெருநாய்ச் செய்தியும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"அக்கா, ஊர்ல போக வேண்டிய பார், நைட் கிளப் எல்லாம் வெச்சு ஒரு தொடர் எழுதச் சொல்றாங்க. உன்ன விட்டா யாருக்குத் தெரியும், சொல்லு?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. யார் யாரிடமோ பேட்டி எடுப்பவன் தன்னிடம் கேட்கிறானே!

"மீன்தொட்டி பாருக்கு தாராளமாப் போகலாம்டா. கிளாஸ் மூணு தடவ அலசறாங்க. நுர கலையாம நிக்கும். அந்தக் கண்ணாடிக் கூரை நைட் கிளப் இருக்கே, பகல்ல பாத்தா நாடகம் முடிஞ்ச கொட்டகை மாதிரி இருக்கும். தரையெல்லாம் சூயிங்கம். ஆனா குளிர் அறை மட்டும் ஆஸ்பத்திரி கெட்டுது போ. மொட்டைமாடி பார்ல வெளிய மட்டும்தான் பளபளப்பு."

"மாடிப்படி பார்?"

"அதுவா? மாடிக்கு அடியில நாலு மேஜை. ஆனா முதலாளியம்மா மாதிரி சுத்தம் பாக்கறவங்க இந்த ஊர்ல இல்ல. மொதல் சாவி குடுத்தது அவங்கதான்."

அவன் குறித்துக்கொண்டான். நோட்டைக் கேட்டான். கொடுத்தாள். "முன்பக்கம் மட்டும் பாரு. கடைசிப் பக்கத்தைத் திருப்பாத, அது ஊரான் வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டு அவனுக்குப் பிடித்ததைச் சமைக்க எழுந்து போனாள். அடுப்படியிலிருந்து பார்த்தபோது அவன் குனிந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எழுத்தை மதித்து எடுக்கிறான் என்று அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வாரம் முழுவதும் பதினொரு பாரிலும் அவளுக்கு ஒரே பேச்சு. "என் தம்பி எழுதப் போறான். ஞாயித்துக்கிழமை பேப்பர் வாங்கிப் பாருங்க."

எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள்.

"போக வேண்டிய ஐந்து, போகக்கூடாத ஆறு" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அதன் கீழே தம்பியின் படம். "காலை ஒன்பது மணிக்கு நான் ஒரு குளிர் அறைக்குள் நுழைந்தேன்" என்று ஆரம்பித்திருந்தான். குழாயக்கா சிரித்தாள். காலை ஒன்பது மணிக்குப் போர்வையை உருவினால்கூட எழுந்திருக்காதவன்! மேலே படித்தாள். ஐஸ் பெட்டிக் கரப்பான் இருந்தது. பீப்பாயில் ஊற்றிய மிச்ச பீர் இருந்தது. அவள் போட்ட டிக் மட்டும் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்பே சரிசெய்த குறையெல்லாம் நேற்றுப் பார்த்ததுபோல எழுதப்பட்டிருந்தது. அவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடைசியில் மாடிப்படி பார். "மூன்றாம் குழாயில் கழுவும் மருந்து அப்படியே நின்றிருந்தது. குடித்தவருக்கு வாய் வெந்தது. இந்த இடத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அது அந்த பாரின் குற்றமே அல்ல. அவள் செய்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, நான்கு குழாயில் இரண்டை அலசி முடித்து மூன்றாவதற்குக் கை போகும்போது செல்போன் அடித்தது. "அக்கா, வேலை கெடச்சிருச்சு! பேப்பர்ல!" என்றான் தம்பி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பேசிக்கொண்டே வந்து நான்காவதை அலசினாள், பீப்பாய்களை மாட்டினாள். காகிதத் துண்டை நனைத்துப் பார்க்கவே மறந்துபோனாள். வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

முதல் கிளாஸைக் குடித்தவர் துப்பிவிட்டார். முதலாளியம்மா தானே ஒரு வாய் வைத்துப் பார்த்து, குழாயைப் பூட்டி, "பீப்பாய் கெட்டுப்போச்சு, மன்னிச்சுக்குங்க" என்று அந்த ஆளைச் சமாதானம் செய்து அனுப்பினார். மறுநாள் குழாயக்கா வந்து நடந்ததைச் சொன்னபோது, "தம்பிக்கு வேலை கெடச்சுதாமே? போ, முகத்தக் கழுவிட்டு வந்து வேலையப் பாரு. உன் பேரு எங்கயும் வராது" என்றார். உதடு அவருக்கும் வீங்கியிருந்தது.

அதைத்தான் அவள் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். யார் தவறு என்று எழுதவில்லை. தனக்குத் தெரியாதா என்ன!

திங்கட்கிழமை காலையிலிருந்து சாவிகள் போக ஆரம்பித்தன. திட்டு வாங்கிய பார்க்காரர்கள் கேட்டது சரி. பாராட்டு வாங்கிய மீன்தொட்டி பார்க்காரரும் கையை நீட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்கான், இல்லேங்கல. நாளைக்கு வேற மாதிரி எழுதினா? நீ உள்ள வந்தா ஒரு கேமரா வந்த மாதிரி இருக்குமே, குழாயக்கா." அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

மாடிப்படி பாருக்கு மட்டும் அவள் போகவில்லை. கையில் ஒரு விடை இல்லாமல் எந்த முகத்தோடு போவது? நேரே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். கீழ்த்தளத்து நாற்காலியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தம்பி கழுத்தில் அடையாள அட்டை ஆட இறங்கி வந்தான்.

"என்னக்கா திடீர்னு? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

"வந்து கிழிச்ச. கடைசிப் பக்கத்தத் திருப்பாதன்னு சொன்னனா இல்லையா?"

"சொன்ன. ஆனா விஷயமே அங்கதானக்கா இருக்கு. முன்பக்கத்த வெச்சு என்ன பண்றது? தண்ணி மூணு தடவ விட்டேன், நாலு தடவ விட்டேன்னு..." அவன் சிரித்தான்.

"நான் உள்ள நுழைஞ்சேன்னு எழுதியிருக்கியே, குளிர் அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு தெரியுமாடா உனக்கு?"

"மெதுவாப் பேசுக்கா. அதெல்லாம் ஒரு எழுத்து நடை. உன் பேரப் போட்டா உனக்குத்தானே ஆபத்து? உன்னக் காப்பாத்தத்தான் விட்டேன்."

"ஒம்பது சாவி போயாச்சு. என்னக் காப்பாத்தினது போதும். மாடிப்படி பார்ல நடந்தது என் தப்பு. அந்தம்மா மேல ஒரு குத்தமும் இல்லன்னு நாளைக்குப் பேப்பர்ல போடு. என் பேரப் போட்டே போடு."

அவன் வாசலைப் பார்த்தான், படியைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. "அப்படிப் போட்டா நான் அங்க போகவே இல்லன்னு ஆகிடும்க்கா. இப்பதான் ஆசிரியரே கூப்பிட்டுக் கை குடுத்திருக்கார். நாலு மேஜ போட்ட சின்ன பார். ரெண்டு வாரத்துல ஜனங்க மறந்துடுவாங்க."

அவள் நோட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்தாள். "இந்தத் தேதியப் படி."

படித்தான்.

"என்ன தேதின்னு தெரியுதா?"

"மூணு வருஷம் ஆச்சேக்கா. என்ன, அன்னிக்கு ஏதாவது விசேஷமா?"

அவள் நோட்டை மூடினாள். அதற்குள் அவன் செல்போன் அடித்தது. "மேல கூப்பிடறாங்க" என்று நகர்ந்தவன், இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினான். "அக்கா, அடுத்த வாரம் நைட் கிளப் மட்டும் தனியா எழுதறேன். போன தடவ சில படம் சரியா விழல. அந்த நோட்ட இங்கயே வெச்சிட்டுப் போறியா?"

அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மாடிப்படி பாருக்குப் போனாள். திறந்திருக்கும் நேரத்தில் அவள் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. மஞ்சள் விளக்குக்குக் கீழே கவுன்டர் மரம் தேன் மாதிரி மின்னியது. அத்தனை வருடம் வந்துபோன இடம் இவ்வளவு அழகா என்று அவளுக்கே ஆச்சரியம். வழக்கமாக இந்த நேரத்துக்கு நிறைந்துவிடும் என்பார்கள். அன்று ஒரு மேஜையில் ஒரே ஒருவர். கவுன்டர்காரர் அவளைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லி யாரையும் அழைக்கவில்லை. காய்ந்த கிளாஸையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

குழாயக்கா கையிலிருந்த தாளை விரித்தாள். வரும் வழியில் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது. கோடு போடாத தாளில்கூட வரி கோணவில்லை. இன்ன தேதி, காலை பத்தே முக்கால் மணி, மூன்றாம் குழாய். மருந்து நின்றது என் கவனக்குறைவால். இந்த பாரின் மேல் தவறு இல்லை. பேப்பரில் எழுதியவர் இங்கே வந்ததே இல்லை. கீழே தன் முழுப்பெயர், அதற்குக் கீழே "குழாய் கழுவுபவள்".

"கதவுல ஒட்டட்டுமா, முதலாளியம்மா?"

முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இத ஒட்டினா இந்த ஊர்ல ஒரு பார்க்காரன் உன்ன வாசல்ல நிக்க விடமாட்டான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"உங்கிட்ட நான் கேக்காம விட்டது ஒண்ணே ஒண்ணுதான். அதை ஏன் எழுதி வெச்ச? நான் வாயக் கட்டிக்கிட்டேனே. உனக்கு அந்த நோட்டு வாயக் கட்டத் தெரியலயே."

"நடந்தத எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராதும்மா. எவன் கையில குடுக்கறோம்னுதான் பாக்கல."

முதலாளியம்மா பசை டப்பாவை எடுத்துக் கவுன்டர்மேல் வைத்தார். குழாயக்கா கதவின் வெளிப்பக்கம், ஆள் கண் உயரத்துக்கு, நான்கு மூலையும் சமமாகத் தாளை ஒட்டித் தடவிவிட்டாள். திரும்பி வந்தபோது முதலாளியம்மாவின் உள்ளங்கை விரிந்திருந்தது.

"எனக்கு மனசு ஆறல. ஆறினா கூப்பிடறேன். சாவியக் குடு."

சிவப்பு நூல் கட்டிய சாவி. பதினாறு வருடத்தில் மூன்று தடவை நூல் மாற்றியிருக்கிறாள். வளையத்திலிருந்து கழற்றுவதற்கு நகம் ஒத்துழைக்கவில்லை. கவுன்டர்காரர் வாங்கிக் கழற்றிக் கொடுத்தார். வளையத்தில் இன்னொரு பாரின் பச்சை நூல் சாவியும் நூல் இல்லாத ஒன்றும் மிச்சம் இருந்தன.

"பச்சை, வெளியூர் போயிருக்கற மொட்டைமாடிக்காரருதுன்னு தெரியும். இது யாருது?" என்றார் அவர்.

"தம்பி வீட்டுது."

"அதையும் திருப்பிக் குடுக்கணுமா?"

குழாயக்கா வளையத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அவன் இன்னும் கேக்கல" என்றாள்.