வெட்டிய பிறகும் ரத்துப் பொத்தான்

பட்டினப்பாக்கத்தில் மீன்கார அக்கா சங்கரா மீனை வெட்டத் தொடங்கிய பிறகு, வேறு மீன் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். “இன்னா நைனா, வெட்டினப்புறம் மாத்துவியா? இப்போ தலை வேணுமா, வேணாமா, அத்த சொல்லு.” அங்கேதான் பொறி தட்டியது. மீன் எந்த நிலையில் இருக்கிறதோ, அதற்கேற்ற வழிகளை மட்டும் அவரே சொல்லிவிடுகிறார்.

எங்கள் அலுவலகத்து மேதைகளுக்கு இது எட்டவில்லை. தி. நகர் புடவைக் கடைக்கு நாங்கள் செய்த செயலியில், எந்தப் பொத்தான் எப்போது தெரியவேண்டும் என்ற விதி ஒவ்வொருவர் கைபேசிக்குள்ளும் கிடக்கிறது. புடவையிலிருந்து ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டால் ஆர்டரை ரத்து செய்ய முடியாது என்று கடை விதியை மாற்றியது. செயலியைப் புதுப்பிக்காத ஒரு பெண்மணி, வெட்டிய பட்டுப் புடவையின் ஆர்டரைப் பழைய பொத்தானை அழுத்தி ரத்து செய்துவிட்டார். இன்னொரு முறை நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

எங்கள் டீம் லீடர் கண்ட தீர்வு: “எல்லாரையும் அப்டேட் பண்ணச் சொல்லு மச்சி.” இதற்குச் சம்பளம் வேறு.

திங்கட்கிழமை ஆர்டர் பக்கத்தை மட்டும் பிரித்து எழுதப்போகிறேன். புடவையின் நிலையோடு அப்போதைக்குரிய பொத்தான்களையும் சர்வரே அனுப்பட்டும். இந்த ஒரு முறை அப்டேட் செய்துவிட்டால், பிறகு கைபேசி வந்ததைக் காட்டினால் போதும். துணி வெட்டியாயிற்றா, ரத்துப் பொத்தான் வரவே வராது.