தாய்மாமன் மடியும் ரோமானியச் சித்தப்பாவும்

அக்கா மகளுக்குக் காது குத்தும் வாரத்தில் நான் லத்தீன் உறவுப் பெயர்களில் விழுந்து கிடந்தேன். எனக்கு இப்படி மாதம் ஒரு கிறுக்கு பிடிக்கும். அலுவலகத்தில் யாரும் இப்போது ஆச்சரியப்படுவதில்லை.

ரோமானியர்களும் நம்மைப் போலத்தான். தாய்மாமனையும் சித்தப்பாவையும் ஒரே பெயரில் கூப்பிட மாட்டார்கள். தாத்தா அவர்களுக்கு அவுஸ். அதையே செல்லப் பெயராக்கி, தாய்மாமனை அவுங்குலுஸ், அதாவது குட்டித் தாத்தா, என்றார்கள். இன்றைய அங்கிள் அதிலிருந்து தேய்ந்து வந்ததுதான். அப்பாவின் சகோதரனோ பத்ரூவுஸ். ஓயாமல் கண்டிக்கிறவனுக்கும் அவர்களிடம் அதே பெயர்.

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் அக்கா வீட்டுக்குப் போய் இதை எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன். குழந்தையின் சித்தப்பா, பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர், நல்ல வாட்டசாட்டம், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ நான்தான் வில்லனா மச்சான்?" என்று மட்டும் கேட்டார்.

காதுகுத்தன்று புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஆசாரி தங்கக் கம்பியோடு தயார். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அவள் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். வில்லாக வளைந்து அலறிக்கொண்டு சித்தப்பாவிடம் தாவினாள். மறுபடி வைத்தார்கள், மறுபடி தாவினாள். நியாயம்தான். நான் ஞாயிற்றுக்கிழமை மாமன். அவரோ தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூக்கிக்கொண்டு போய் பஸ் காட்டுகிறவர்.

ராகு காலம் நெருங்கியது. சித்தப்பா மடியிலேயே குத்திவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மாமன் என்று எனக்கு இருக்கிற ஒரே உரிமை இந்த மடி.

சித்தப்பா என்னைப் பார்த்தார். "மாமன் மடிதானே வேணும்? கொஞ்சம் தாங்கு மச்சான்" என்று குழந்தையோடு என் மடியில் உட்கார்ந்துவிட்டார்.

வீடே சிரித்தது. அக்கா சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த பூ கொட்டிப்போனது. "மடி மாமனோடதுதான், குத்திடலாம்" என்று ஆசாரி தீர்ப்புச் சொல்லிவிட்டு, சித்தப்பா குழந்தையின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, இரண்டு காதையும் முடித்தார்.

கத்தல் ஓய்ந்ததும் அவள், தன்னைப் பிடித்த சித்தப்பாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு அவர் தோளுக்கு மேலாக என்னை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள். கால் மரத்துப்போய் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவரை மெல்ல நகரச் சொல்லிவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிக்கொண்டேன்.